கூரை போட்ட கூடாரம்!

“தம்பி, மேனுவல்ல போடு!”

அண்ணன் சொன்னார். நானும் போட்டேன். ஆனால் நான் போட்டது ஆட்டோவில்!

இடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு உதிரி பாகக் கம்பெனி (பேர் வேண்டாமே, ப்ளீஸ்). செமஸ்டர் லீவில் இன்ப்ளான்ட் ட்ரெயினிங். மெக்கானிக்கல் பையன் என்பதால் ஒரு ஆபரேட்டர் அண்ணனிடம் ஒட்டிவிட்டார்கள். அவருடைய மெஷின், தகடுகளை ஆறு கிளாம்ப் போட்டுப் பிடித்துக்கொண்டு ஸ்பாட் வெல்டிங் அடிக்கும் ஒரு ராட்சசன். கொரியாவில் பல வருஷம் ஓடித் தேய்ந்து, கப்பலேறி இங்கே வந்து இரண்டாவது இன்னிங்ஸ் ஆடிக்கொண்டிருந்தது. பேனலில் இருந்த எழுத்தெல்லாம் கொரியன்.

மேனுவலில் பச்சை பட்டனை ஒரு தடவை அழுத்தினால் ஒரு கிளாம்ப் மட்டும் இறங்கும். ஆட்டோவில் அதே பச்சை பட்டனை அழுத்தினால் ஆறும் படபடவென்று இறங்கி, வெல்டிங் கன் கிளம்பி வரும். அண்ணன் உள்ளே தகட்டை நேராக்கிக்கொண்டிருந்தார். நான் சுவிட்சைத் திருப்பிவிட்டு, ரொம்ப சின்சியராகப் பச்சையை அழுத்தினேன்.

டப்... டப்... டப்!

அந்த நொடியில் கீழே விழுந்த ஸ்பேனரை எடுக்க அண்ணன் குனிந்திருந்தார். அதனால்தான் அவருக்குப் பத்து விரலும் இருக்கிறது. எழுந்த வேகத்தில் அந்தச் சிவப்புக் காளான் பட்டனில் ஓங்கி ஒரு அடி. எல்லாம் நின்றது. என் இதயம் உள்பட.

திட்டுவார் என்று பார்த்தேன். “போய் டீ குடிச்சிட்டு வா தம்பி” என்றார். அவ்வளவுதான். அது திட்டு வாங்குவதைவிட மோசமாக இருந்தது.

கதவு திறந்திருந்தால் மெஷின் ஓடவே கூடாது. அதற்கென்று ஒரு சுவிட்ச் உண்டு. அதை யாரோ எப்போதோ பைபாஸ் பண்ணி வைத்திருந்தார்கள். அது தனிக் கொடுமை. ஆனால் என் தப்பு எங்கே என்று டீ குடித்துக்கொண்டே யோசித்தேன். முதல் வாரம் நான் நின்ற மெஷினில் மேனுவல் வலது பக்கம். இந்த மெஷினில் இடது பக்கம். கை பழைய பழக்கத்தில் திரும்பிவிட்டது. பக்கத்திலேயே எழுதியும் இருந்தது. படிக்கத்தான் தெரியவில்லை!

“நீங்க எப்படிண்ணா கண்டுபிடிக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“பழக்கந்தான். இதுல இந்தப் பக்கம், அதுல அந்தப் பக்கம். மார்க்கர்ல தமிழ்ல எழுதி செலோடேப் போட்டு ஒட்டிப் பாத்தோம். எண்ணெ பட்டு நாலே நாள்ல உரிஞ்சிக்கினு வந்துடுது.”

ஒன்பது வருஷமாக அந்த எழுத்துகளுக்கு முன்னால் நிற்கிறார் மனுஷன். அவருக்கு அது டிசைன். எனக்கும் அதுவரை டிசைன்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் பேனலை போட்டோ எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்கு வந்தேன்.

ஒரே ராத்திரியில் முடியுமா?

‘கொரியன் எழுத்தை ஒரு மணி நேரத்தில் படிக்கலாம்’ என்று நெட்டில் ஆளாளுக்கு அடித்துவிடுகிறார்கள். ராத்திரி ஒன்பதுக்கு உட்கார்ந்தேன். இரண்டு மணிக்கு இருபத்து நாலு எழுத்தும் மனப்பாடம். ‘நாம ஜீனியஸ்தான்டா’ என்று படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் பதினொன்று மிச்சம். பாக்கி பதின்மூன்றும் தூக்கத்தில் ஓடிப்போயிருந்தன. தட்டுத் தடுமாறாமல் ஒரு வார்த்தையைப் படிக்க எனக்கு எட்டு நாள் ஆனது. ஆக, ஒரு மணி நேரம் என்பது ரீல். ஆனால் எட்டு நாளில் ஒரு நாட்டின் எழுத்து கைக்கு வருவது, நான்கு வருஷம் படித்தும் மேத்ஸ் அரியர் வைக்கிற நம்ம இனத்துக்குப் பெரிய விஷயம் இல்லையா?

இதற்குக் காரணம் ஒரு ராஜா. பேர் செஜோங். 1418-லிருந்து 1450 வரை கொரியாவை ஆண்டவர். அந்தக் காலத்தில் கொரியாக்காரர்கள் எழுதியது சீன எழுத்தில். பேசுவது ஒன்று, எழுதுவது வேறு ஒன்று. ஆயிரக்கணக்கான சித்திரங்களை மனப்பாடம் செய்ய பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் நேரம் இருந்தது. வயலில் வேலை செய்கிறவனுக்கு ஒரு புகார் எழுதிக் கொடுக்கக்கூட வழியில்லை. செஜோங் உட்கார்ந்து புதுசாக 28 எழுத்துகளை வடிவமைத்தார். 1443-ல் வேலை முடிந்தது, 1446-ல் ஊருக்கு அறிவித்தார்கள். அதில் நாலு எழுத்து காலப்போக்கில் வழக்கொழிந்து, இன்றைக்கு அடிப்படை எழுத்து 24. மெய் 14, உயிர் 10.

படித்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1444-லேயே சோ மல்லி என்ற அரண்மனைப் பண்டிதர் கூட்டாளிகளோடு சேர்ந்து எதிர்ப்பு மனு கொடுத்தார். சீன எழுத்தை விட்டுவிட்டுத் தனியாக எழுத்து வைத்துக்கொள்வது நாகரிகமில்லாதவன் வேலை என்பது அவர் கட்சி. 1504-ல் இன்னொரு ராஜா, தன்னைக் கிண்டல் பண்ணி இந்த எழுத்தில் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள் என்று அதைப் படிக்கவும் சொல்லிக் கொடுக்கவும் தடை போட்டார். யோசித்துப் பாருங்கள், அறுபது வருஷத்துக்குள் மக்கள் ராஜாவைக் கலாய்க்கிற அளவுக்கு எழுதப் படிக்கக் கற்றுவிட்டார்கள்! எழுத்து ஜெயித்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சர்ட்டிபிகேட் வேண்டும்?

எனக்குப் பிடித்தது வேறு ஒரு சமாச்சாரம். இந்த எழுத்துகளின் வடிவம் எங்கிருந்து வந்தது என்று ரொம்ப நாள் யாருக்கும் சரியாகத் தெரியாது. பழைய வீட்டு ஜன்னல் சட்டத்தைப் பார்த்து வரைந்திருப்பார்கள் என்றுகூடச் சொன்னவர்கள் உண்டு. 1940-ல் 1446-ம் வருஷத்து விளக்க நூலின் பிரதி ஒன்று கிடைத்தது. அதைப் புரட்டினால் விடை அதிலேயே இருக்கிறது: எழுத்துகள் நம் வாயின் படங்கள்!

நம்பாதவர்கள் இப்போதே ‘ந’ என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு நுனி மேலே போய் ஒட்டுகிறதா? அதைப் பக்கவாட்டிலிருந்து கோடாக வரைந்தால் இங்கிலீஷ் ‘எல்’ மாதிரி வரும். அதுதான் கொரியனில் ‘ந’. ‘க’ சொன்னால் நாக்கின் அடிப்பாகம் எழும்பித் தொண்டையை அடைக்கும். அந்த ‘எல்’லைத் தலைகீழாகச் சுற்றி வைத்த மாதிரி ஒரு மூலை, அது ‘க’. மூடிய வாய் ஒரு சதுரம், அது ‘ம’. பல்லின் வடிவம் ஒரு கூடாரம், அது ‘ஸ’. தொண்டை ஒரு வட்டம்.

அடுத்ததுதான் இன்ஜினீயரிங்! ஒலி கொஞ்சம் கடினமானால் ஒரு கோடு சேர்க்க வேண்டும். ‘ந’வின் மேல் ஒரு கோடு போட்டால் ‘த’. அதில் இன்னொரு கோடு போட்டால் காற்றுத் தள்ளிச் சொல்கிற ‘த’. கூடாரத்தின் மேல் ஒரு கோடு போட்டால் ‘ஸ’ மாறி ‘ஜ’ ஆகிவிடும். கேட் லேபில் ஒரு பார்ட்டை வரைந்து வைத்துக்கொண்டு, ஒரு அளவை மட்டும் மாற்றி அடுத்த பார்ட்டை எடுப்போமே, அதேதான். பதினைந்தாம் நூற்றாண்டில்!

(நம்ம தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஒரு பகுதி உண்டு. எந்த எழுத்துக்கு நாக்கு எங்கே தொட வேண்டும், உதடு என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது. பிளஸ் டூ-வோடு தமிழை முடித்துவிட்டேன் என்ற திமிரில் இருந்த எனக்கு, அது ஒரு கொரியன் பேனலைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அம்மா தமிழ் டீச்சரிடம் சொல்ல வேண்டாம்!)

தமிழன் கண்ணுக்கு ஒரு பொறி

தமிழ் தெரிந்தவனுக்கு இந்த எழுத்தில் சில இடத்தில் லிஃப்ட் உண்டு. சில இடத்தில் பள்ளம் உண்டு.

முதலில் பள்ளம். அந்த ‘எல்’ மாதிரி இருக்கிற ‘ந’ இருக்கிறதே... அது அச்சு அசலாக நம்ம ‘ட’! நாலு நாள் வரை அதைப் பார்த்ததும் வாய் ‘ட’ என்றுதான் போனது. மூளைக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. ஆறு வயசில் போட்ட கோடு அவ்வளவு ஆழம். புதுசாக ஒரு எழுத்தைக் கற்பதைவிட, பழைய எழுத்தை அந்த இடத்திலிருந்து எழுப்பிவிடுவதுதான் கஷ்டம்.

லிஃப்ட், ‘ப’. கொரியன் ‘ப’ என்பது நம்ம ‘ப’வின் நடுவில் ஒரு படுக்கைக் கோடு போட்ட மாதிரியே இருக்கும். சத்தமும் அதே. சும்மா தற்செயல்தான், ஆனால் ஒரு எழுத்து ஃப்ரீ!

அதைவிடப் பெரிய லிஃப்ட் ஒன்று இருக்கிறது. கொரியனில் ‘க’ வார்த்தை முதலில் வந்தால் அழுத்தமாக, நடுவில் இரண்டு உயிருக்கு மத்தியில் வந்தால் மெதுவாக ஒலிக்கும். ஒரே எழுத்து, இரண்டு சத்தம். வெளிநாட்டுக்காரர்கள் இதற்குத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நமக்கு என்ன? ‘கடல்’ என்பதில் வரும் ‘க’வும், ‘பகல்’ என்பதில் வரும் ‘க’வும் ஒன்றா? எழுத்து ஒன்று, சத்தம் வேறு. பிறந்ததிலிருந்து செய்துகொண்டிருக்கிறோம், யாரும் கைதட்டவில்லை! ‘த’, ‘ப’வுக்கும் இதே கதை.

அப்புறம் கொரியனில் வெறும் படுக்கைக் கோடாக ஒரு உயிர் உண்டு. ‘உ’ மாதிரி, ஆனால் உதட்டைக் குவிக்கக்கூடாது. வீடியோவில் ஒருவர் அதைச் சொல்லித்தர பத்து நிமிஷம் முகத்தைக் கோணிக்கொண்டிருந்தார். ‘பத்து’, ‘நாடு’ என்று சொல்லிப் பாருங்கள். கடைசியில் வருகிற அந்தக் குட்டி ‘உ’வுக்கு உதடு குவிகிறதா? இல்லை. அதேதான். குற்றியலுகரம்! ரெண்டு மார்க்குக்குப் படித்தது சியோல் வரைக்கும் உதவுகிறது பாருங்கள்.

மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவது நமக்குப் பழசு. கொரியனில் அவற்றை லெகோ மாதிரி ஒரு கட்டத்துக்குள் அடுக்குவார்கள். முதலில் மெய், அதற்குப் பக்கத்திலோ கீழேயோ உயிர், தேவைப்பட்டால் அடியில் இன்னொரு மெய். இப்படி 19 முதல் மெய், 21 உயிர், அடியில் வருவது ‘ஒன்றும் இல்லை’ என்பதையும் சேர்த்து 28 வகை. பெருக்கினால் 11,172 கட்டம். கணினியின் யூனிகோடில் அத்தனைக்கும் தனித்தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். நம்ம 247-ஐப் பார்த்து பயந்த வடநாட்டு நண்பனிடம் இதைச் சொன்னேன். ஆள் அமைதியாகிவிட்டான்.

‘அம்மா’வுக்கு ‘ஒம்மா’, ‘அப்பா’வுக்கு ‘அப்பா’ என்று வருவதால் கொரியனும் தமிழும் சொந்தம் என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு நேற்று இல்லை, ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரியன் இலக்கணத்தையும் திராவிட மொழி இலக்கணத்தையும் ஒப்பிட்டு ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். மொழியியல்காரர்கள் இந்தச் சொந்தத்தை ஏற்றுக்கொள்வதில்லை. உலகத்தில் பாதிக் குழந்தைகள் முதலில் சொல்வதே ‘மா’, ‘பா’தானே! சொந்தமோ இல்லையோ, என் எட்டு நாளுக்கு உதவியது.

நோட்டில் நான் பண்ணிய பெரிய தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கொரியன் எழுத்துக்கும் கீழே தமிழில் உச்சரிப்பு எழுதி வைத்தேன். ரொம்ப வேகமாகப் படிக்கிற மாதிரி இருந்தது. நாலாம் நாள்தான் தெரிந்தது, நான் படித்துக்கொண்டிருந்தது தமிழை! கண் கொரியனைத் தொடவே இல்லை. அறை நண்பன் ஒயிட்னரை எடுத்துத் தமிழ் வரிகளை எல்லாம் பூசிவிட்டான். “டேய், ஊன்றுகோலைப் புடுங்கினாதான்டா நடப்ப” என்றான். அன்றைக்கு மூன்று வார்த்தை படிக்க அரை மணி நேரம். ஆனால் படித்தது நான்.

அவனுக்கு இதில் அனுபவம் உண்டு. ஓசூர்ப் பையன். வீட்டில் கன்னடம், ஸ்கூலில் தமிழ். பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. போன வருஷம் பெங்களூரு போய் வந்த ரோஷத்தில் எழுத்து கற்றான். “உனக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம் மச்சி. நீ ஒரு வார்த்தையைப் படிச்சு முடிச்சாலும் உனக்கு அர்த்தம் தெரியாது. நான் பாதி படிக்கும்போதே முழுசும் தெரிஞ்சிடும். எங்க பாட்டி திட்டற வார்த்தையை எல்லாம் எழுத்துல பாக்கறப்ப எப்படி இருந்துச்சு தெரியுமா?”

ரஷ்யாவில் மெடிக்கல் படிக்கும் ஸ்கூல் தோழிக்கு வேறு மாதிரிக் கஷ்டம். ரஷ்ய எழுத்து 33. அதில் பல எழுத்து இங்கிலீஷ் மாதிரியே நடிக்கும். ‘பி’ மாதிரி இருப்பது ‘ர’, ‘எச்’ மாதிரி இருப்பது ‘ந’, ‘சி’ மாதிரி இருப்பது ‘ஸ’. முதல் வாரம் தெருவெல்லாம் ‘பெக்டோபா’ என்று போர்டு தெரிகிறது என்று இவள் குழம்ப, கடைசியில் அது ‘ரெஸ்தரான்’! ஜாப்பனீஸ் என்-5 பரீட்சைக்குப் படிக்கிற சீனியர், கதகனாவில் ‘ஷி’க்கும் ‘ட்சு’வுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதற்குள் பரீட்சையே முடிந்துவிடும் என்கிறார். இரண்டும் ஒரு வளைவு, இரண்டு குட்டிக் கோடுதான். கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் உயிர் இருக்கிறது. “கண்ணால படிக்காத, கையால எழுது. கைக்குத் தெரியும்” என்பது அவர் மந்திரம். எனக்கும் அது வேலை செய்தது. அப்புறம் நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் எழுதித் தள்ளினேன். தெர்மோடைனமிக்ஸ் நோட் உள்பட.

மறுபடி பேனல்

ஒன்பதாம் நாள் கம்பெனி வாசலில் நின்றேன். ஷெட் முகப்பில் பச்சை வெள்ளையில் பெரிய போர்டு. தினம் அதற்குக் கீழேதான் நடந்து போயிருக்கிறேன். நாலே கட்டம். ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ‘அன்... ஜொன்... ஜெ... இல்’. ஒன்றாம் வகுப்புப் பையன் பஸ் போர்டு படிக்கிற வேகம். அர்த்தம் தெரியவில்லை. அந்தப் பக்கம் வந்த கொரியன் இன்ஜினீயரிடம் படித்துக் காட்டினேன். சிரித்தார். “சேஃப்டி ஃபர்ஸ்ட்!” என்றார்.

கதவு சுவிட்சை பைபாஸ் பண்ணி வைத்திருந்த ஷெட்டின் நெற்றியில் அது எழுதியிருந்தது.

உள்ளே போய்ப் பேனல் முன்னால் நின்றேன். சுவிட்சின் இரண்டு பக்கமும் இரண்டு வார்த்தை. ஒவ்வொன்றும் இரண்டு கட்டம். இரண்டாவது கட்டம் இரண்டுக்கும் ஒன்றே, ‘தொங்’. அடியில் ஒரு வட்டம் இருந்தால் அது ‘ங்’. முதல் கட்டம்தான் வேறு. ஒன்றில் வெறும் கூடாரம், அதற்குக் கீழே உயிர்க் கோடு: ‘சு’. சுதொங், மேனுவல். இன்னொன்றில் கூரை போட்ட கூடாரம், பக்கத்தில் உயிர்க் கோடு: ‘ஜா’. ஜாதொங், ஆட்டோ. அண்ணனின் விரல்களுக்கும் மெஷினுக்கும் நடுவே இருந்தது இவ்வளவுதான்!

அடுத்த ஆச்சரியம், பேனலில் பாதி வார்த்தை எனக்கு முன்பே தெரிந்தவை. ‘மோதொ’ என்று படித்தேன். மோட்டார்! ‘செந்-சொ’. சென்சார்! ‘பெல்பு’. வால்வ்! கொரியனில் ‘வ’ இல்லை, அதனால் ‘ப’. ஒரு பட்டன் மட்டும் ‘ரி-செஸ்’ என்று வந்து குழப்பியது. அப்புறம்தான் தெரிந்தது, கட்டத்தின் அடியில் ‘ஸ’ வந்தால் அதை ‘ட்’ என்று சொல்ல வேண்டும். ரிசெட்! நம்ம ஊர் வொர்க்‌ஷாப்பில் தமிழில் எழுதினாலும் இதே வார்த்தைகளைத்தானே எழுதுவோம்?

அண்ணனிடம் போய் “நான் சொல்லித் தரேண்ணா” என்றேன்.

“ஐயோ, ஆள வுடு தம்பி. பத்தாவதுல இங்கிலீசு ரெண்டு வாட்டி கோட்டு வுட்டவன் நானு. எழுத்துன்னாலே ஆவாது.”

நான் வற்புறுத்தவில்லை. ஒரு வேஸ்ட் தகட்டில் சாக்பீஸால் இரண்டு கூடாரம் மட்டும் வரைந்தேன். ஒன்றுக்குக் கூரைக் கோடு. “கூரை போட்டது ஆட்டோ. கூரை இல்லாதது மேனுவல். அவ்வளவுதாண்ணா.”

கொஞ்ச நேரம் தகட்டைப் பார்த்தார். பேனலைப் பார்த்தார். பக்கத்து மெஷினுக்குப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தார். “அட, அதுல மாறி இருக்கறது இதானா?” ஒன்பது வருஷம், அண்ணனுக்கு அதுவரை இது இடம், வலம். அன்றைக்கு முதல் தடவையாக எழுத்து.

மறுநாள் டீ பிரேக்கில் அவரே வந்தார். சிவப்பு பட்டனுக்கு மேலே நாலு கட்டம் இருக்கும். இன்னொரு கறுப்பு பட்டனுக்கு மேலே இரண்டு கட்டம். “தம்பி, இந்தக் கறுப்பு நிறுத்தறதுதான? அதுல இருக்கற ரெண்டும், செவப்புல கடைசி ரெண்டும் ஒண்ணு. அப்போ செவப்புல முன்னாடி இருக்கறது என்னா... அவசரமா?”

எனக்குப் புல்லரித்தது. ‘ஜொங்ஜி’ என்றால் நிறுத்து. ‘பிசாங்’ என்றால் அவசரம். நான் டிக்‌ஷனரி பார்த்து எழுதியதை, இந்த மனுஷன் கட்டத்தை வைத்தே பிரித்துவிட்டார். பத்தாவது இங்கிலீஷில் இவரை யார் ஃபெயில் பண்ணியது?

(சிவப்பு பட்டனுக்கு எழுத்தே தேவையில்லை என்பது வேறு. மஞ்சள் பின்னணியில் சிவப்புக் காளான் என்றால் எந்த நாட்டு மெஷினிலும் அவசர நிறுத்தம்தான். படிக்கத் தெரியாதவனையும் நினைத்து யாரோ நிர்ணயித்திருக்கிறார்கள். என்னைக் காப்பாற்றியது அந்த யாரோதான்.)

மிச்சம் இருந்த ஐந்து நாளும் டீ பிரேக் எங்கள் கிளாஸ் ஆகிவிட்டது. இரண்டாம் நாள் மூன்று பேர். நாலாம் நாள் ஏழு பேர். கான்ட்ராக்டில் வந்த இரண்டு அக்காக்கள் என்னைவிட வேகம். “இந்த வட்டம் முன்னாடி வந்தா சும்மா ஒக்காந்திருக்கும், கீழ வந்தா ‘ங்’னு கத்தும். எங்க மாமியா மாதிரி” என்று ஒரு அக்கா சொன்ன விளக்கத்தை எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. கொரியன் உயிர் எழுத்தால் தனியாக நிற்க முடியாது, முன்னால் சத்தமில்லாத ஒரு வட்டம் போட வேண்டும் என்ற விதியை நான் இருபது நிமிஷம் விளக்கியிருந்தேன்.

யாரும் கொரியன் பேசக் கற்கவில்லை. அது எங்கள் திட்டமும் இல்லை. பேனலில் இருந்த இருபத்திரண்டு வார்த்தை, அதைப் படிக்கத் தேவையான எழுத்து. அவ்வளவே. என் ரிப்போர்ட்டில், பித்தளைத் தகட்டில் தமிழில் பொறித்து ஸ்க்ரூ போட்டு மாட்டலாம் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ‘குட் அப்சர்வேஷன்’ என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். தகடு இதுவரை வரவில்லை. கதவு சுவிட்சை மட்டும் அந்தச் சம்பவம் நடந்த மறுநாளே எலெக்ட்ரீஷியன் சத்தம் போடாமல் சரி செய்துவிட்டுப் போனார்.

காலேஜ் திறந்து இரண்டு மாசம் ஆகிவிட்டது. எனக்கு இப்போது கொரியன் சீரியலின் டைட்டிலைப் படிக்க முடிகிறது. ஒரு வார்த்தையும் புரியாமல் வேகமாகப் படிக்கிறேன். தங்கச்சிக்கு எல்லாம் புரிகிறது, படிக்கத் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள்.

போன வாரம் ராத்திரி ஷிஃப்டிலிருந்து அண்ணனின் வாட்ஸ்அப். கன்டெய்னரில் வந்து இறங்கிய ஒரு அட்டைப் பெட்டியின் போட்டோ. கூடவே குரல் செய்தி, பெருமை பொங்க:

“தம்பி, நானே படிச்சிட்டேன். ‘சோ-சு’ன்னு போட்டுக்கீது. ரெண்டுமே கூரை இல்லாத கூடாரம். கரெக்டா? எந்த மெஷினுக்குப் பார்ட்டுனு மட்டும் சொல்லு, ஸ்டோர்ல கேக்கறாங்க.”

பெரிதாக்கிப் பார்த்தேன். நூற்றுக்கு நூறு சரியாகப் படித்திருந்தார். அது கேன்டீனுக்கு வந்த சாஸ்.